மங்கள வார்த்தை திருநாளுக்கும் கருக்கலைப்புக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் அண்ணி ஏன் நன்மை வாங்கலாம்?

உங்கள் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு திருநாளைப் பற்றியது. மார்ச் 25 அன்று, ஆண்டவருடைய பிறப்பின் அறிவிப்புப் பெருவிழாப் பூசையில், உங்கள் பங்குத்தந்தை "இன்று கருவில் இருக்கும் குழந்தைகளின் நாள்" என்று ஆரம்பித்து பிரசங்கம் முழுக்கக் கருக்கலைப்பைப் பற்றியே பேசினார். கபிரியேல் தூதர் மரியாளுக்குச் சொன்ன செய்திக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், இது நிஜமாகவே திருச்சபை சொல்வதா, இல்லை இடையில் யாராவது நுழைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயமே உங்கள் கடைசி இரண்டு வரியில்தான் இருக்கிறது. போன வருஷம் கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடிக்கும் நிலையில் அவசரமாக ஆபரேஷன் ஆன உங்கள் அண்ணி, பிரசங்கத்தின் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார், அதற்கப்புறம் பூசைக்கு வந்தாலும் நன்மை (பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம்) வாங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் உண்மையில் கேட்பது, அந்தப் பிரசங்கம் அண்ணியையும் சேர்த்துச் சொன்னதா என்றுதான். இல்லை. அவர் செய்தது கத்தோலிக்கப் போதனை கண்டிக்கும் கருக்கலைப்பு அல்ல. அவர் நன்மை வாங்கலாம், இந்த ஞாயிறே வாங்கலாம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குத்தான் கீழே நீட்டி எழுதுகிறேன். திருநாள் பற்றிய கேள்விக்கும் பதில் உண்டு, அதுவும் சுவாரசியமானதுதான்.

நான் சாமியார் இல்லை, டாக்டரும் இல்லை. இறையியல் முறையாகப் படித்தவன். மறைமாவட்டத்தில் கல்யாணத்துக்கு முன் நடக்கும் தயாரிப்பு வகுப்புகளில் பல வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். மனித உயிரின் புனிதம் பற்றிய வகுப்பு முடிந்ததும் பெயர் எழுதாத சீட்டில் கேள்வி வாங்குவது அங்கே வழக்கம். பாதிச் சீட்டு கருத்தடை பற்றி இருக்கும். மீதியில் எப்படியும் ஒன்று, "எங்க அக்காவுக்கு டியூப்ல கரு நின்னு ஆபரேஷன் பண்ணாங்க, அது பாவமா?" என்கிற மாதிரி வந்துவிடும், நான்காக மடித்து, பேனாவை அழுத்தி எழுதியிருப்பார்கள். ஆக உங்கள் அண்ணி தனி ஆள் இல்லை. மருத்துவ விவரத்தை அவருடைய டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். திருச்சபை எதைச் சொல்கிறது, எதை இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறது என்பதை மட்டும் நான் சொல்ல முடியும்.

முதலில் திருநாள். நம் பாட்டிமார் மங்கள வார்த்தை திருநாள் என்பார்கள். டிசம்பர் 25இலிருந்து பின்னோக்கி எண்ணினால் சரியாக ஒன்பது மாதம், மார்ச் 25. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், நாசரேத்தில், "நான் ஆண்டவரின் அடிமை, உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்" என்று மரியா சொன்னதைத்தான் அன்று வாசிக்கிறோம். ஆனால் தூதர் வந்துபோனதற்காக மட்டும் இது பெருவிழா ஆகவில்லை. கடவுள் மனிதனாக ஆனது மாட்டுத் தொழுவத்தில் இல்லை, அதற்கு ஒன்பது மாதம் முன்பே ஒரு பெண்ணின் வயிற்றில், கண்ணுக்குத் தெரியாத அளவில் என்பதுதான் அந்த நாளின் விசுவாசம். 1969இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது, அதுவரை கன்னி மரியாவின் பெயரில் இருந்த இந்த விழாவை ஆண்டவரின் பெயருக்கு மாற்றியதும் அதனால்தான். இன்னொன்றைக் கவனித்திருப்பீர்களோ என்னவோ: நம்பிக்கை அறிக்கையில் "உடல் எடுத்து மனிதர் ஆனார்" என்கிற வரி வரும்போது மற்ற நாட்களில் தலை வணங்கினால் போதும், வருஷத்தில் இரண்டே நாள் முழங்காலில் இருக்க வேண்டும். ஒன்று கிறிஸ்துமஸ், இன்னொன்று மார்ச் 25. பிறந்த நாளுக்கும் கருவான நாளுக்கும் அங்கே ஒரே மரியாதை. பிரசங்கத்தில் இதைச் சொன்னாலே பாதி விஷயம் விளங்கிவிடும், ஆனால் நிறையப் பங்குகளில் அன்று முழங்காலில் இருப்பதே மறந்துபோகிறது.

தேதி எப்படி வந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. டிசம்பர் 25ஐ முதலில் வைத்து ஒன்பது மாதம் கழித்து மார்ச் 25ஐக் கண்டார்கள் என்பது ஒரு கட்சி. இயேசு இறந்த நாள் மார்ச் 25 என்று ஒரு பழைய கணக்கு மேற்கில் இருந்தது, கருவான நாளும் அதே நாள் என்று நம்பி, அங்கிருந்து கிறிஸ்துமஸைக் கணக்கிட்டார்கள் என்பது மறு கட்சி. புனித அகுஸ்தீன் மூவொரு கடவுளைப் பற்றிய தன் நூலில் இந்த இரண்டும் ஒரே நாள் என்ற நம்பிக்கையைக் குறிப்பிடுகிறார், அதனால் எண்ணம் பழையது என்பது மட்டும் நிச்சயம். திருநாளாக அது 6ஆம் நூற்றாண்டில் கிழக்கிலும் 7ஆம் நூற்றாண்டில் ரோமிலும் தெளிவாகத் தெரிகிறது. தவக்காலத்தில் கொண்டாட்டம் எப்படிப் பொருந்தும் என்று ஸ்பெயின் ஆயர்கள் 656இல் தொலேதோவில் கூடி இதை டிசம்பர் 18க்கே தள்ளினார்கள். கிழக்கிலோ 692இல் நடந்த சங்கம், தவக்காலமானாலும் இந்த நாளுக்கு விலக்கு உண்டு என்றது. இன்றைக்கும் புனித வாரத்திலோ, ஈஸ்டரில் தொடங்கும் எட்டு நாட்களான பாஸ்காவின் எண்கிழமையிலோ மாட்டிக்கொண்டால் விழா நகர்ந்துவிடும். 2016இல் மார்ச் 25 பெரிய வெள்ளியாக அமைந்ததால் ஏப்ரல் 4க்குப் போனது, 2024இல் ஏப்ரல் 8க்கு.

சரி, இதில் கருவில் இருக்கும் மற்ற குழந்தைகள் எங்கே வருகிறார்கள்? அன்றைய பூசைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் எங்கும் வரமாட்டார்கள். எசாயா 7ஆம் அதிகாரம், எபிரேயர் 10, லூக்கா 1 ஆகிய வாசகங்களிலும் சரி, அன்றைய ஜெபங்களிலும் சரி, கருக்கலைப்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தொடர்பு உள்ளே இருந்து வருகிறது. லூக்காவில் அடுத்த காட்சியிலேயே மரியா மலைநாட்டுக்கு விரைந்து போகிறார், எலிசபெத்து அவரை "என் ஆண்டவரின் தாய்" என்கிறார். அப்போது மரியாளுக்கு நாள் தள்ளிப்போனதே வெளியே தெரிந்திருக்காது. நாம் செபமாலையில் தினமும் சொல்லும் "உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே" என்கிற வரி, வயிற்றில் இருக்கிற அந்தச் சிசுவைப் பார்த்து எலிசபெத்து சொன்ன வாழ்த்திலிருந்து வந்ததுதான். இயேசு கருவான நொடியிலிருந்தே மனிதர் என்றால், மனித வாழ்க்கையின் அந்தக் கட்டம் அற்பமானதாக இருக்க முடியாது என்று அன்றிலிருந்து இன்றுவரை இறையியலாளர்கள் வாதிட்டு வந்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் மாக்சிமுஸ் என்ற துறவி, கிறிஸ்துவின் உடலும் ஆன்மாவும் ஒரே கணத்தில் தொடங்கின, ஆகவே எல்லா மனிதருக்கும் அப்படித்தான் என்று எழுதினார். எனவே தொடர்பு இட்டுக்கட்டியதில்லை, வேர் பழையது.

அந்த நாளுக்கு அப்படி ஒரு பெயர் வைத்தது மட்டும் புதிது, சுமார் முப்பது வருஷக் கதை. லத்தீன் அமெரிக்காவில் எல் சால்வடோர் 1993இல் மார்ச் 25ஐப் பிறக்கும் உரிமையின் நாளாக அறிவித்தது. அர்ஜென்டினாவில் அதிபர் கார்லோஸ் மெனெம் 1998இல் ஓர் ஆணை போட்டு, பிறக்காத குழந்தையின் நாள் என்று வைத்தார். போலந்திலும் ஆயர்கள் மார்ச் 25ஐ உயிரின் புனிதத்துக்கான நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். இதில் சில நாடுகளில் அரசியலும் கலந்திருந்தது உண்மை. மெனெமின் ஆணையைப் பக்தி என்று மட்டும் படிப்பவர் அர்ஜென்டினாவிலேயே குறைவு. இதற்கிடையில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தன்னுடைய 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலை 1995 மார்ச் 25 என்று தேதியிட்டு, வேண்டுமென்றே இந்தத் திருநாளில் வெளியிட்டார். அதில் ஒவ்வொரு நாட்டிலும் வாழ்வுக்காக ஒரு நாள் கொண்டாடுங்கள் என்று முன்மொழிந்தாரே தவிர, தேதியை அவர் குறிக்கவில்லை. இத்தாலியில் 1979இலிருந்து பிப்ரவரி முதல் ஞாயிறு, இங்கிலாந்தில் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு. ஆக, உங்கள் பங்குத்தந்தை சொன்னதற்கு உலகத்தில் முன்மாதிரி இருக்கிறது, அவர் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. அதே சமயம் ரோமின் பொது நாட்காட்டியில் மார்ச் 25க்கு அந்தப் பெயர் கிடையாது. கிறிஸ்து மனிதரானதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் முழுப் பிரசங்கத்தையும் கருக்கலைப்புக்குக் கொடுத்திருந்தால், என் அபிப்பிராயத்தில் திருநாளை அவர் குறுக்கிவிட்டார்.

இனி போதனை. இதில் நிச்சயமானதும் திறந்த கேள்வியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, பிரசங்கங்களில் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். நிச்சயமானது: கருவை வேண்டுமென்று நேரடியாக அழிப்பது தவறு என்பதில் திருச்சபை தொடக்கத்திலிருந்து மாறவே இல்லை. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'திதாக்கே' என்ற சிறு நூலிலேயே, கருவைக் கலைத்துச் சிசுவைக் கொல்லாதே, பிறந்த குழந்தையையும் கொல்லாதே என்று இரண்டும் ஒரே மூச்சில் வருகிறது. வேண்டாத குழந்தையை வெளியே போட்டுவிடுவது சாதாரணமாக இருந்த ரோமப் பேரரசில் எழுதியது அது. திறந்த கேள்வி: ஆன்மா எப்போது வருகிறது என்பது. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, ஆண் கருவுக்கு 40 நாள், பெண் கருவுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்றெல்லாம் இடைக்காலத்தில் கணக்குப் போட்டார்கள். (பெண்ணுக்கு ஏன் தாமதம் என்று வகுப்பில் எந்தப் பெண் கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை, அரிஸ்டாட்டிலைத்தான் கேட்க வேண்டும்.) புனித தாமஸ் அக்வினாசும் ஆன்மா பிந்தித்தான் வருகிறது என்று நினைத்தவர். ஆனால் கிறிஸ்துவுக்கு மட்டும் முதல் கணத்திலேயே ஆன்மா இருந்தது என்று விதிவிலக்கு வைத்தார், காரணம் இதே மங்கள வார்த்தைதான். அவர் காலத்தில் பெண்ணின் கருமுட்டை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. பாலூட்டிகளின் கருமுட்டையை ஃபான் பேயர் கண்டது 1827இல்.

இந்தக் கணக்கு திருச்சபையின் தண்டனைச் சட்டத்திலும் புகுந்து விளையாடியது. 1588இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் எந்த நிலையிலுள்ள கருவைக் கலைத்தாலும் கடும் தண்டனை என்றார், மூன்றே வருஷத்தில் பதினான்காம் கிரகோரி அதைத் தளர்த்தி, உயிரோட்டம், அதாவது ஆன்மா, பெற்ற கருவுக்கு மட்டும் என்றார், 1869இல் ஒன்பதாம் பத்திநாதர் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார். மாறியது தண்டனை. இளங்கருவைக் கலைப்பது பரவாயில்லை என்று இந்த நூற்றாண்டுகளில் எப்போதும் போதிக்கவில்லை, கொலை என்ற பிரிவில் வருமா, வேறு பெரும் பாவமா என்பதில்தான் சச்சரவு. இன்றைய நிலையும் நிறையப் பேர் நினைப்பதைவிட நிதானமானது. ஆன்மா எந்தக் கணத்தில் வருகிறது என்பதை ஒரு தத்துவ முடிவாகத் திருச்சபை அறிவிக்கவில்லை என்று 'வாழ்வின் நற்செய்தி' மடலே ஒப்புக்கொள்கிறது. கருத்தரித்த நேரத்திலிருந்து அங்கே ஒரு மனிதர் இருக்கலாம் என்ற வாய்ப்பு ஒன்றே போதும், அதை அழிக்கத் துணியக் கூடாது என்பதுதான் அதன் வாதம். அதே மடலில் நேரடிக் கருக்கலைப்பு எப்போதும் பெரும் ஒழுக்கக் கேடு என்று மிகக் கனமான வார்த்தைகளில் அறிவிக்கவும் செய்கிறார் திருத்தந்தை. அந்த 'நேரடி' என்ற அடைமொழியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் அண்ணியின் விஷயம் அதில்தான் நிற்கிறது.

கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிட்டால் அது அங்கே வளர்ந்து பிறக்க வழியில்லை. குழாய் அதற்கு விரிந்து கொடுக்காது. வெடித்தால் வயிற்றுக்குள்ளே இரத்தம் கொட்டித் தாயின் உயிருக்கே ஆபத்து. சும்மா விட்டால் இரண்டு உயிரும் போகலாம் என்கிற நிலை. இதைப் பற்றி ஒழுக்க இறையியல் நூறு வருஷத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. 1902இல் விசுவாச விஷயங்களைக் கவனிக்கும் ரோமின் திருப்பேராயத்தில் கேட்டபோது, வளராத கருவை அப்படியே எடுக்கக் கூடாது என்று கறாராகத்தான் பதில் வந்தது. அப்புறம் 1930களில் பவுஸ்கேரன் என்ற அமெரிக்க இயேசு சபைக் குரு, இந்த ஆபரேஷனில் டாக்டர் எடுப்பது சேதமடைந்து உயிருக்கு உலை வைக்கும் குழாயை, நோய் அங்கே இருக்கிறது, கரு இறப்பது தெரிந்தே நடந்தாலும் அதை யாரும் நாடவில்லை, அதை வழியாகப் பயன்படுத்தவும் இல்லை என்று விரிவாக வாதிட்டார். ஒரே செயலுக்கு ஒரு நல்ல விளைவும் ஒரு கெட்ட விளைவும் இருக்கும்போது, கெட்டதை நாடாமல், அதன் மூலமாக நல்லதைப் பெறாமல், போதிய காரணத்தோடு செய்தால் குற்றமில்லை என்ற பழைய கோட்பாட்டின் மேல் நிற்கும் வாதம் இது. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதை ஒட்டியே பேசினார்: கர்ப்பத்துக்குத் தொடர்பில்லாத ஒரு காரணத்தால் தாயின் உயிரைக் காக்க அவசர சிகிச்சை தேவைப்பட்டு, அதன் பக்கவிளைவாகக் கரு இறந்தால், அதை நேரடித் தாக்குதல் என்று சொல்ல முடியாது, நேரடி என்ற சொல்லைத் தான் வேண்டுமென்றே பயன்படுத்தியதாகவும் சேர்த்துச் சொன்னார். இன்றைக்குக் குழாயைக் கருவோடு சேர்த்து அகற்றும் ஆபரேஷனைத் தவறு என்று சொல்லும் முக்கியமான கத்தோலிக்க ஒழுக்க இறையியலாளர் யாரையும் நான் படித்ததில்லை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அண்ணிக்கு ஒரு பக்கக் குழாயையே எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் சந்தேகமே இல்லாத பக்கத்தில் இருக்கிறார். குழாயை அப்படியே வைத்துக் கீறிக் கருவை மட்டும் எடுப்பது, மீத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டுக் கரைப்பது ஆகிய மற்ற இரண்டு முறைகளைப் பற்றித்தான் இறையியலாளர்கள் இன்னும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். சிலர் அது கருவின் மேலேயே நேரடியாகச் செய்வது என்கிறார்கள், சிலர் ஊசி தாக்குவது குழாயை அரிக்கும் திசுக்களைத்தான் என்கிறார்கள். ரோம் இதில் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது அந்த ஊசி போட்டுக்கொண்டவராக இருந்தால் அவருக்கும் ஒன்று சொல்கிறேன்: திருச்சபை தீர்மானிக்காமல் விட்ட ஒரு விஷயத்தில், வலியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து டாக்டர் சொன்னதற்குக் கையெழுத்துப் போட்ட ஒரு பெண்ணைப் பாவி என்று தீர்மானிக்க யாருக்கும் உரிமை இல்லை.

திருச்சபைத் தண்டனை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைய பிரசங்கத்தில் "தானாகவே சபைவிலக்கு" என்ற வார்த்தை வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இருப்பது உண்மை, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அது திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1397ஆம் சட்டத்தில் இருக்கிறது. அது நேரடிக் கருக்கலைப்பை வேண்டுமென்று செய்து முடித்தவருக்கு. அண்ணியை அது தொடவே இல்லை. கருக்கலைப்பு செய்துகொண்டவர்களிலும் எல்லோரையும் அது தொடுவதில்லை, இதைச் சொல்லாமல் பாதியை மட்டும் சொல்வதுதான் எனக்குக் கோபம். 18 வயது ஆகாதவர், கடுமையான பயத்துக்கு ஆளாகிச் செய்தவர், இப்படி ஒரு தண்டனை இருக்கிறதென்றே தன் குற்றமின்றித் தெரியாமல் இருந்தவர் ஆகியோரை இந்தத் தானியங்கித் தண்டனை பிடிக்காது என்று 1324ஆம் சட்டம் சொல்கிறது. மாமியார் வீட்டு நெருக்கடியில் அழுதுகொண்டே போன எத்தனை பேர் இந்த மூன்றில் ஒன்றுக்குள் வருவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தண்டனை இல்லை என்பதால் பாவமும் இல்லை என்று ஆகிவிடாது, அது வேறு கணக்கு. ஆனால் மன்னிப்புக்கு ஆயர் இல்லம் வரை அலைய வேண்டும் என்ற நிலையும் இப்போது கிடையாது. இரக்கத்தின் யூபிலி ஆண்டின் முடிவில், 2016 நவம்பரில், திருத்தந்தை பிரான்சிஸ் இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். உங்கள் பங்குத்தந்தைக்கும் அந்த அதிகாரம் இருக்கிறது.

அண்ணியின் மனதில் இன்னொரு கேள்வியும் ஓடிக்கொண்டிருக்கும், அவர் வாய்விட்டுக் கேட்டிருக்கமாட்டார்: ஞானஸ்நானம் இல்லாமல் போன அந்தப் பிள்ளை எங்கே? நம் பெரியவர்கள் லிம்போ என்று, மோட்சமும் இல்லாத நரகமும் இல்லாத ஓர் இடம் என்று, ஏதோ சொல்லி வைத்திருப்பார்கள். லிம்போ விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. திருச்சபையின் போதனைத் தொகுப்பு நூலான மறைக்கல்வி 1261ஆம் எண்ணில், அப்படி இறந்த குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம், அவர்களுக்கு மீட்பின் வழி உண்டு என்று நம்ப இடமிருக்கிறது என்கிறது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழுவும் இதையே விரிவாக எழுதியது, நிச்சயம் என்று சொல்லாமல், அடித்தளமுள்ள நம்பிக்கை என்று. அதற்கு மேல் போய் "உங்க பிள்ளை இப்போ சம்மனசாக (வானதூதராக) இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அது ஆறுதல், போதனை இல்லை. ஆனால் நான் அதை மறுத்துப் பேசப் போவதில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்காகப் பூசைப் புத்தகத்திலேயே தனி ஜெபங்கள் இருக்கின்றன. பங்கு அலுவலகத்தில் அந்தக் கருத்துக்காக ஒரு பூசை எழுதிவைக்கச் சொல்லலாம்.

அன்றைய பிரசங்கத்தைப் பற்றி என் மனதில் பட்டதையும் சொல்கிறேன், இது போதனை அல்ல, என் சொந்தக் கருத்து. 'வாழ்வின் நற்செய்தி' மடல் கருக்கலைப்பைக் கண்டிக்கும் அதே பகுதியில், தகப்பனையும் குடும்பத்தையும் டாக்டரையும் பெயர் சொல்லிப் பொறுப்பாளியாக்குகிறது: அவளை நேரடியாக நெருக்கியவன், நெருக்காமல் தனியே தவிக்கவிட்டவன், இருவரையும். நம் ஊரில் உசிலம்பட்டி, சேலம் என்ற பெயர்கள் பெண் சிசுக்கொலையால் ஒரு காலத்தில் நாடு முழுக்க அடிபட்டன என்பது தெரியும், அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டி வந்தது, கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டமே தேவைப்பட்டது. அந்தக் குழந்தைகளை வேண்டாம் என்றது பெரும்பாலும் தாய் மட்டும் எடுத்த முடிவு அல்ல. அப்படி இருக்க, இந்தத் திருநாளில் பெண்கள் பக்கத்து வரிசையைப் பார்த்தே விரல் நீட்டுகிற பிரசங்கம் எனக்கு ஒப்பவில்லை. ஆண்கள் பக்கம் பார்த்து, வரதட்சணையைப் பற்றி, மூன்றாவதும் பெண்ணா என்று முகம் சுளிப்பதைப் பற்றிப் பேசட்டும். உயிரின் புனிதம் கருவோடு முடிந்துவிடுவதும் இல்லை. மரண தண்டனையை ஏற்க முடியாது என்று 2018இல் மறைக்கல்வியின் 2267ஆம் எண்ணையே திருத்தினார்கள், அதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

செய்ய வேண்டியது என்று பார்த்தால், அண்ணியிடம் இந்த நீளப் பதிலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். "நீங்க செஞ்சது கருக்கலைப்பு இல்ல, நன்மை வாங்கலாம்" என்பதை மட்டும் உங்கள் வாயால் சொல்லுங்கள், அண்ணன் சொன்னால் இன்னும் நல்லது. பாவம் இல்லாததால் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு சாமியார் வாயால் கேட்டால்தான் மனது ஆறும் என்றால் தாராளமாகப் போகட்டும், நடந்ததை நடந்தபடி, குழாயில் கரு, உயிருக்கு ஆபத்து, ஆபரேஷன் என்று சொன்னால் போதும். உங்கள் பங்குத்தந்தையிடம் போகத் தயக்கமாக இருந்தால் வேறு பங்கில் எந்தக் குருவிடமும் போகலாம். நீங்களோ அண்ணனோ பங்குத்தந்தையைத் தனியாகப் பார்த்து, அந்தக் கோவிலில் அன்று யார் உட்கார்ந்திருந்தார் என்று சொல்வதும் நல்லது, அண்ணியின் சம்மதம் கேட்டுவிட்டு. பெரும்பாலான சாமியார்களுக்குத் தங்கள் பிரசங்கம் யாரைக் காயப்படுத்தியது என்று யாரும் வந்து சொல்வதில்லை, தெரிந்தால் அடுத்த வருஷம் கவனமாகப் பேசுவார்கள். ஒருவேளை அவர் ஒத்துக்கொள்ளாமல் குழாய் ஆபரேஷனும் கருக்கலைப்புதான் என்று சாதித்தால், மறைமாவட்டக் குடும்பப் பணிக்குழுவிலோ, குருமடத்தில் ஒழுக்க இறையியல் நடத்தும் பேராசிரியரிடமோ கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நான் மேலே சொன்ன 1951 உரையையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.